நிறுத்தத் தெரிந்தவர்

சுவிட்ச் போர்டுக்கு முன்னால் குனிந்து, மூக்கை அதில் இடிக்காத குறையாக வைத்து, இரண்டு தடவை உறிஞ்சிப் பார்க்கிறார். பிறகு சார்ஜர். பிறகு மேசைக்கு அடியில் இருக்கும் மணல் வாளி. அதற்குள்தான் பேட்டரி படுத்திருக்கிறது. அங்கே உறிஞ்சும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார். "கருகல் வாசனை ஒண்ணும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிமிர்கிறார். பத்து நிமிடத்தில் மறுபடி வந்து குனிவார்.

இவர் என் எதிர் வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். எங்கள் குடியிருப்பில் 'லிஃப்ட்காரர்' என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். நாற்பத்திரண்டு வயது, வாட்டசாட்டமான ஆள். பதினாறு மாடி உயரத்தில், இருட்டுக் குழிக்குள், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை பார்ப்பவர். அங்கே பயமே கிடையாதாம். "அங்க என்னக்கா பயம்? மெயின ஆஃப் பண்ணி, பூட்டு போட்டு, சாவிய பாக்கெட்ல வெச்சுட்டுத்தானே ஏறுவேன். பவர் இல்லாத மெஷின் பூனைக்குட்டி மாதிரி." அவருடைய பயமெல்லாம் வீட்டுக்குள், மேசைமேல் இருக்கும் ஒரு சாண் நீள வண்டியிடம்.

அந்த வண்டிக்கு நான்கு சக்கரம், இரண்டு மோட்டார், மூக்கில் இரண்டு கண். தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைக் கண்கள் பார்த்துக்கொண்டே போகும். டேப் வளைந்தால் வண்டியும் வளையும். யாரும் கை வைக்காமல் தானே வழி பார்த்துப் போவதால் அது ரோபோ. போவதற்கு ஒரு சுவிட்ச். நிற்பதற்கு நான்கு ஏற்பாடுகள்: தலையில் சிவப்புப் பொத்தான், வாலில் இழுத்தால் கழன்றுகொள்ளும் கயிறு, எதிலாவது முட்டினால் நிறுத்திவிடும் பம்பர், போதாததற்கு இவர் கையில் ஒரு ரிமோட். "லிஃப்ட்ட யாரு வேணா ஓட்டலாம்க்கா. நிறுத்தறதுதான் வேலை" என்பார். நான்கில் ஏதாவது ஒன்று எப்போதும் வேலை செய்துவிடும். ஆகவே அந்த வண்டி ஓடி நான் பார்த்தது கொஞ்சம்தான். அவர் மகள் அதற்கு 'நில்லு' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

மகளுக்கு ஒன்பது வயது. லிஃப்டில் ஏறினால் எட்டிய பொத்தானையெல்லாம் அமுக்கித் தள்ளிய பிள்ளை என்பதால் வீட்டில் அவள் பெயர் 'பட்டன்'. அவளிடம் இருந்த ஒரு பொம்மை நாய்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பின்பக்கமாகவே நடந்த அந்த நாயைத் திறந்து, உள்ளே இரண்டு ஒயர்களை மாற்றி இணைத்துக் கீழே விட்டார் இவர். நாய் முன்னால் நடந்தது. பட்டன் கைதட்டினாள். இவர் மட்டும் மூடாமல் விட்ட அதன் வயிற்றுக்குள் சுற்றும் மோட்டாரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அடுத்த வாரம் ஹால் மூலைக்கு மேசை வந்துவிட்டது.

கல்லூரி நாட்களில் இவர் ரோபோப் பைத்தியம். சோறு தண்ணி மறந்து மோட்டாரும் ஒயருமாகக் கிடந்தவர். கடைசி வருடம் விடுதி அறையில் சார்ஜ் போட்டிருந்த பேட்டரி ஒன்று வீங்கி, சீறி, தீப்பிடித்தது. உடன் தங்கியிருந்த நண்பனின் மெத்தையும் இரண்டு புருவங்களும் போயின. "புருவம் ரெண்டு மாசத்துல வளந்துடுச்சுக்கா. அவனே சிரிச்சுட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரல." அன்று மூடியதை இருபத்தொரு வருடம் கழித்து, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்திருக்கிறார். சந்தோஷமாக இருந்தாரா என்றால், இருந்தார். சந்தோஷமாக இருக்கிறோமே என்று அதற்கும் சேர்த்துப் பயந்தார். மணல் வாளி அந்தப் பயத்தில் வந்ததுதான். கீழ்த்தளத்தில் மாட்டியிருந்த தீயணைப்பு வாளிகளில் ஒன்று குறைகிறது என்று குடியிருப்போர் கூட்டத்தில் பேச்சு வந்தபோது நான் வாயே திறக்கவில்லை.

மேசை வந்த அன்றே மனைவியிடம், மகள் காதுபட, ஒரு சட்டம் போட்டார். "இவ மேல ஒரு சின்னக் காயம் பட்டாலும் அன்னிக்கே எல்லாத்தையும் மூட்டை கட்டிடறேன்." மனைவி கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர். 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வருபவருக்கு வீட்டில் அதிகம் பேசப் பிடிக்காது. "நான் ஒண்ணும் கேக்கலையே. நீங்களா ஏன் வாய விடறீங்க?" என்றதோடு சரி. 

டேப் ஒட்டுவதும் திருகாணி எடுத்துக் கொடுப்பதும் பட்டன் வேலை. ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டவைக்கும் சால்டரிங் அயர்னை (நான் அதைச் சூட்டுக்கோல் என்றுதான் சொல்வேன்) அப்பா மட்டும்தான் தொடலாம். அதற்கும் ஒரு விதி சொல்லிக்கொடுத்திருந்தார். "பிளக்க பாரு. மாட்டியிருந்தா கிட்டயே வராத. பிடுங்கியிருந்தா ஒண்ணும் பண்ணாது." இருபது வருடமாக லிஃப்ட் குழிக்குள் அவர் உயிரைக் காப்பாற்றிவரும் விதி அது. அதைத்தான் அப்படியே தூக்கி மகளுக்கும் கொடுத்தார்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஒயர் ஒட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஏதோ அலுவலகத்தில் இரண்டு பேர் மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு கத்துகிறார்களாம். அவர் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கியதை மகளுக்குத் தூக்கிக் காட்டினார். சூட்டுக்கோலை மேசைமேல் போட்டபடி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் பட்டன் வலது கை விரல்களில் துணி சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். என்னடி என்றேன். "பென்சில் சீவும்போது கீறிடுச்சு அத்தை. அப்பாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவாரு" என்றாள். அவர் எதற்கும் பயப்படுபவர்தானே என்று நானும் சிரித்துவிட்டு, கையில் ஒரு மிட்டாய் கொடுத்து அனுப்பினேன். அந்த மிட்டாயை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை மாலை டேப் ஒட்ட ஒத்தாசைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான்கு நாளாக அப்பா அம்மா கண்ணில் படாமல் வலது கையைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துச் சமாளித்த பட்டன், இடது கையால் டேப்பைக் கிழிக்க முயன்று, முடியாமல் பல்லால் கடித்தாள். வழக்கப்படி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தவர் அவள் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"பேஸ்ட் வாசனை வருதே. இந்நேரத்துல யாரு பல் விளக்கினது?"

அவள் கை முதுகுக்குப் பின்னால் போனது. அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, அந்தக் கையை முன்னால் கொண்டுவந்து, துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். கொப்புளம் உடைந்து, தடவிய பேஸ்ட் பொருக்குத் தட்டி, ஓரமெல்லாம் மஞ்சளாக ஈரம்.

"எப்போ?"

"சனிக்கிழமை. நீங்க லிஃப்ட் ரிப்பேருக்குப் போனப்போ. ஸ்டாண்டுல வைக்காம போயிட்டீங்க. எடுத்து வெக்கலாம்னு..."

"அதைத் தொடாதன்னு சொல்லியிருக்கேன்ல?"

"பிளக் பிடுங்கியிருந்துச்சுப்பா. நான் பாத்துட்டுத்தான் தொட்டேன். பிடுங்கியிருந்தா ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மின்சாரம் போனால் லிஃப்ட் நின்றுவிடும். சூட்டுக்கோலின் சூடு நிற்காது. பிளக்கைப் பிடுங்கி ஐந்தாறு நிமிடம் ஆனாலும் சதையைப் பொசுக்கும், பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இது இருபது வயதிலேயே அவருக்குத் தெரிந்த விஷயம். வேலைப் பழக்கத்தில் வந்து விழுந்த வாக்கியத்தை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா மூட்டை கட்டிடுவீங்கல்ல."

டாக்டர் காயத்தைச் சுத்தம் செய்யும்போது பட்டன் அழவில்லை. இவர்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாலு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார் டாக்டர். "மூட்டு வரைக்கும் சீழ் இறங்கியிருக்கான்னு ரெண்டு நாள் பாக்கணும். இறங்கியிருந்தா விரல் மடங்கறது கஷ்டம்."

அந்த இரண்டு நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. மணிக்கொரு தடவை, "மடக்கு. நீட்டு" என்ற குரல் எதிர் வீட்டிலிருந்து கேட்கும். கேட்கும்போதெல்லாம் என் கையில் இருந்த வேலை நின்றுவிடும். மடக்கினாளா, முடியவில்லையா? போய்க் கேட்கவும் பயம். மாடிப்படியில் பார்த்தபோது மனிதர் முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, பேட்டரிக்கு வாளி வெச்சேன். வண்டிக்கு நாலு சுவிட்ச் வெச்சேன். என் வாய்க்கு என்னத்த வெக்கறது?" என்றார்.

வெள்ளிக்கிழமை, விரலுக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு திரும்பும் வழியிலேயே இவர் இரண்டு அட்டைப்பெட்டிகள் வாங்கிக்கொண்டு வந்தார். மோட்டார், ஒயர், சார்ஜர் எல்லாம் உள்ளே போயின. பட்டன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். 'நில்லு'வை அவர் தூக்கியபோது மனைவி குறுக்கே வந்தார்.

"என்ன பண்றீங்க?"

"சொன்ன சொல்ல காப்பாத்தறேன்."

"ரொம்ப நல்லா காப்பாத்துனீங்க. இப்ப மூடுனா அவளுக்கு என்ன புரியும்? காயம் பட்டா வாயத் திறக்கக்கூடாதுன்னு புரியும். இன்னிக்கு விரலு. நாளைக்குப் பெரியவளாகி வேற எதையாவது ஒளிச்சா எந்த வாசனைய வெச்சுக் கண்டுபிடிப்பீங்க?"

"எனக்குப் பயமா இருக்கு" என்றார் அவர். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்தது.

"எனக்கு மட்டும் இல்லையா? பயந்துக்கிட்டே செய்யுங்க. ஆனா அவ ஓடி வந்து சொல்ற மாதிரி செய்யுங்க." சொல்லிவிட்டு அந்த அம்மாள் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்து மறுபடி மேசைமேல் வைத்தார்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு ஞாயிறு காலை நான் போனபோது 'நில்லு' மல்லாந்து கிடந்தது. இடது மோட்டாரின் ஒயர் ஒன்று விட்டுப்போயிருந்தது. இவர் சூட்டுக்கோலின் பிளக்கை மாட்டினார். மாட்டியதுமே பட்டன் இரண்டடி பின்னால் போனாள்.

"இங்க வா."

"நானா?"

"நீதான்." ஸ்பாஞ்சை அவள் பக்கம் நகர்த்தினார். "நான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். பிளக்க பாக்காத. மாட்டியிருந்தாலும் சரி, பிடுங்கியிருந்தாலும் சரி, கைப்பிடிய மட்டும் புடிச்சு இந்த ஈர ஸ்பாஞ்சுல நுனிய வை. சத்தம் வந்தா சூடு."

அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு கைப்பிடியைப் பிடித்தாள். புதுத்தோல் வந்த விரல்கள் இளஞ்சிவப்பாக இருந்தன. ஸ்பாஞ்சில் வைத்ததும் உஸ்ஸென்று ஆவி வந்தது. பட்டன் திடுக்கிட்டாள், ஆனால் விடவில்லை. நுனி மெதுவாக வண்டியின் பக்கம் போனது. ஒயரைப் பிடித்திருந்த அவளுடைய இடது கைக்கும் அந்த நுனிக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி கூட இல்லை. இவருடைய கை தானாக எழுந்து பாதி தூரம் போய்விட்டது.

"அப்பா," என்றாள் அவள், நுனியிலிருந்து கண்ணை எடுக்காமல். "சுட்டா சொல்றேன்பா."

அவர் கையை இழுத்துக்கொண்டார். ஸ்டூலைக் காலால் தள்ளி அவளுக்குப் பக்கத்தில் போட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் திணித்து, தன் முழு எடையையும் அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.