வால் வைத்த டம்ளர்

எங்கள் அம்மாவுக்கு எண்கள் தெரியும், எழுத்துகள் தெரியாது. காலண்டர் தேதி, ரேஷன் கடைத் தராசு, பஸ் நம்பர் எதுவானாலும் புள்ளி பிசகாமல் படித்துவிடுவாள். எழுத்து என்றால் அதன் உருவத்தைத்தான் சொல்வாள். ஆங்கில ஓ அவளுக்கு வளையல். எஸ் பாம்பு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்னணுச் சில்லுகள் செய்யும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. ஆறு வருஷம் சால்ட்ரிங் மேசையில் உட்கார்ந்து ஈயப் புகையைக் குடித்தவள். அந்தப் புகை கொடுத்த இருமல், டெஸ்டிங் மேசைக்கு மாற்றிய பிறகுதான் அவளை விட்டது. புது மேசையில் வேலை சுலபம். சில்லை மிஷினில் பொருத்திப் பொத்தானை அழுத்தினால், ஒரு பக்கம் நுழைந்த கரண்ட் மறுபக்கம் வர எடுத்துக்கொண்ட நேரத்தை மிஷின் காட்டும். ஐந்நூறுக்குள் இருந்தால் பச்சைத் தட்டு, தாண்டினால் சிவப்புத் தட்டு. எதில் ஐந்நூறு என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் கவிழ்த்த டம்ளர் மாதிரி ஓர் எழுத்து இருக்கும், அவ்வளவுதான்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது புது மிஷின் வந்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்ததும், கைப்பையைக்கூடக் கழற்றாமல் என் நோட்டு அட்டையில் விரலால் வரைந்து காட்டினாள்.

"புதுசுல புள்ளி நாலு எட்டு, புள்ளி அஞ்சு ரெண்டுன்னு வருது நைனா. பக்கத்துல நிமித்தி வெச்ச டம்ளர் கீது. அதுக்கு முன்னாடி ஒரு வாலு தொங்குது. இன்னாடா அது?"

சனிக்கிழமை சூப்பர்வைசர் மேடம் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கேட்பாராம். புது மிஷினைப் படிக்கத் தெரிந்தவர்கள் டெஸ்டிங்கில் இருக்கலாம். மற்றவர்கள் திரும்பவும் சால்ட்ரிங்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போன முதல் ஆள் நான். அதனாலேயே 'தெரியாது' என்று சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை. ஒளிவிலகல் பாடத்தில் அந்த வால் எழுத்தை டீச்சர் 'மியூ' என்று படித்தது ஞாபகம் வந்தது. மியூவில் 'மி' இருக்கிறது. மில்லியிலும் 'மி' இருக்கிறது. புத்தகத்தைத் திறந்து பார்க்க வேறென்ன இருக்கிறது?

"வால் வெச்சது மில்லி. கவுத்த டம்ளர் சின்ன 'என்'னு, அது நானோ," என்று தீர்ப்புச் சொன்னேன்.

காலண்டர் தாளின் பின்பக்கம் படிக்கட்டு மாதிரி எழுதினேன். ஒரு நொடிக்கு ஆயிரம் மில்லி, ஒரு மில்லிக்கு ஆயிரம் மைக்ரோ, ஒரு மைக்ரோவுக்கு ஆயிரம் நானோ. ஒவ்வொரு படிக்கும் மூன்று முட்டை. ஒரு நொடியில் நூறு கோடி நானோ என்று நான் சொன்னது, லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா காதில் விழுந்தது.

"நானோவா நீயோவான்னு இன்னாடா சண்ட அங்க? செகண்டுக்கு நூறு கோடியா? பாடி சிக்னல்ல செவப்பு வுழறப்போ வந்து நில்லு, ஒவ்வொண்ணா எண்ணிப்புடலாம்!"

அம்மா சிரிக்கவில்லை. "அப்போ புள்ளி நாலு எட்டுக்கு எவ்ளோ நைனா?"

"மில்லிலேர்ந்து நானோவுக்கு ரெண்டு படி, ஆறு முட்ட. நாலு லட்சத்து எண்பதாயிரம் நானோ. செவப்புத் தட்டுல போடு."

"எல்லாமே செவப்புக்குப் போய்டுமேடா. பழைய மிஷின்ல நெறைய பாஸு ஆச்சே."

"பழைய மிஷினு ரிப்பேரா இருக்கும்," என்றேன்.

மறுநாள் சாயங்காலமும் பாடம் வைத்தேன். ஸ்கேலைக் கையில் பிடித்துக்கொண்டு, "கவுத்த டம்ளர்?" என்றேன். "நானோ." "வால் வெச்ச டம்ளர்?" அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் தாமதித்து, "மில்லி," என்றாள்.

"இவ்ளோ லேட்டா சொல்ற! நாளைக்கி மேடம் கேக்கும்போது இப்டித்தான் முழிச்சிகினு நிப்பியா?"

"இல்ல நைனா. டக்குன்னு சொல்லிடறேன்."

சனிக்கிழமை அவள் தேங்காய் பன்னோடு வந்தாள். தேறியிருந்தாள். புகை மேசைக்கு அவள் திரும்பிப் போகவேயில்லை. நான் பன்னைத் தின்றுகொண்டே தெரு முழுக்கச் சொன்னேன், அம்மாவுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று. பக்கத்து வீட்டு அக்கா, "மெய்யாலுமா?" என்று கேட்டதற்கு அம்மா, "ஆமா, எம்புள்ளதான்," என்று தலையாட்டினாள்.

இரண்டு வருஷம் கழித்து, பாலிடெக்னிக் ஆய்வகத்தில் என் விடைத்தாளை சார் சிவப்புப் பேனாவால் சுழித்தார். வால் வைத்த எழுத்து மைக்ரோவாம். மில்லி என்று போட்டு ஆயிரம் மடங்கு தப்பு செய்திருந்தேன். எனக்கு மதிப்பெண் போனது பெரிதாகத் தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமைதான் கண்முன் வந்தது.

வீட்டில் அம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யம்மா, அன்னிக்கு அந்த டம்ளர் எழுத்து... நான் சொன்னது தப்பும்மா."

"தெரியும்."

"எப்டித் தெரியும்?"

"வெள்ளிக்கெழம சாப்பாட்டு நேரத்துல ஒரே பீஸ ரெண்டு மிஷின்லயும் வெச்சேன். பழசுல நானூத்தி எண்பது. புதுசுல புள்ளி நாலு எட்டு. பீஸு ஒண்ணு, நேரம் ஒண்ணு. நீ ஆறு முட்டன்ன, அங்க மூணுதான் வருது. அந்தப் பீஸு கோளாறோன்னு இன்னும் பத்து வெச்சிப் பாத்தேன். எல்லாம் மூணுதான். நானோவுக்கு மேல மூணு முட்ட தள்ளி இன்னா கீது? மைக்ரோ. நீ எழுதிக் குடுத்த படிக்கட்டுலயே கீதே!"

கம்பெனியில் யாரும் சொல்லித்தராமல், ஓர் எழுத்தும் படிக்காமல், பதினொரு சில்லுகளை வைத்து அவள் செய்ததற்கு என் ஆய்வகத்தில் 'அளவுத்திருத்தம்' என்று பெயர். அதற்கு எங்களுக்கு ஒரு பாடவேளையே உண்டு.

"அப்போ அன்னிக்கு சாயங்காலம் நான் கேட்டப்போ ஏன் மில்லின்னு சொன்ன?"

அம்மா ஒரு காயின் நாரை நுனியிலிருந்து அடிவரை உரித்து முடித்தாள்.

"நீ கேட்டதுக்கு உன் பதில சொன்னேன். மேடம் கேட்டதுக்கு மிஷின் பதில சொன்னேன்."

நான் கேட்டதற்கும் அவள் 'மில்லி' என்றதற்கும் நடுவே அன்று அரை நொடி போயிருக்கலாம். நானோவில் ஐம்பது கோடி. அத்தனை நேரம் என் முகத்தைப் பார்த்து அவள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கையில் ஸ்கேலை வைத்துக்கொண்டு, லேட்டு என்று திட்டினேன்.