ஓநாய்க் குலமும் ஏழு மாதங்களும்

அந்தச் சீட்டாட்டத்தை என் போனில் ஏற்றித் தந்தவள் என் நாத்தனார். மகள் பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் அரியலூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. மாமியார் வீடு வேப்பந்தட்டை. நாத்தனார் அங்கிருந்து தினமும் பஸ்ஸில் பெரம்பலூர் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். லீவில் குழந்தையைப் பார்க்க வந்தவள், பகல் முழுக்க நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரையே பார்த்து உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருக்க வேண்டும்.

"அண்ணி, இப்படியே ஒக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிடும். போனக் குடுங்க" என்றாள்.

அது ஒரு மாயலோகத்துச் சீட்டாட்டம். அதில் நான்கு குலங்கள் உண்டு. அவள் ஆடுவது கோட்டைக் குலம். சுவரை எழுப்பிக்கொண்டு நிதானமாகக் காத்திருக்கும். நான் எடுத்தது ஓநாய்க் குலம். அதன் சீட்டுகள் எல்லாம் சிறியவை. இறங்கிய கணமே எதிராளி மீது பாய்ந்து கடிக்கும். தற்காப்பு என்பதே அதற்குக் கிடையாது. ஆறாவது சுற்றுக்குள் எதிராளியின் உயிரைத் தீர்த்துவிட வேண்டும். தவறினால் நம் கை காலியாகிவிடும். எதிர்ப்பக்கத்தில் பெரிய பூதங்கள் ஒவ்வொன்றாக இறங்கும். அதன்பிறகு மிதிபடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

நாத்தனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீங்களா ஓநாயி? கேஸ மூடிட்டமான்னு மூணு தடவ போயி பாக்குற ஆளு! நான் உங்களக் கோட்டைன்னுல்ல நெனச்சேன்."

அவள் சொன்னது உண்மைதான். கணிதத்தில் பட்டமும் பி.எட்.டும் படித்திருந்தும், குழந்தைக்குச் சொட்டு மருந்து ஊற்றினால் ஐந்து சொட்டா ஆறு சொட்டா என்று பாட்டிலையும் டாக்டர் சீட்டையும் மாறி மாறிப் பார்ப்பவள் நான். எதையும் யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் செய்வேன். கேட்ட பிறகும், சரியாகத்தான் கேட்டேனா என்று யோசிப்பேன். ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு நாற்பது விநாடிதான். யாரிடமும் கேட்க முடியாது. பாய வேண்டியதுதான். என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருந்தது. நன்றாகவும் ஆடினேன். நாத்தனார் கல்லூரி இடைவேளையில் பெரம்பலூரிலிருந்து ஆடுவாள், நான் அரியலூரிலிருந்து. நான்காவது சுற்றிலேயே அவள் கோட்டை இடிந்துவிடும். "கொலகாரி அண்ணி" என்று செய்தி அனுப்புவாள்.

ஆடும்போது மகள் என் மடியில் கிடப்பாள். ஓநாய் பாயும்போதெல்லாம் ஒரு ஊளைச் சத்தம் வரும்; கூடவே போன் அதிரும். எட்டாவது மாதத்தில் அவள் கையை நீட்டிப் போனின் பின்பக்கத்தில் உள்ளங்கையை வைக்கக் கற்றுக்கொண்டாள். ஓநாய் பாய்ந்ததும் கெக்கெக்கென்று சிரிப்பாள். பிள்ளைக்கு ஓநாய்ச் சத்தம் பிடித்திருக்கிறது என்று நாத்தனாருக்கு வீடியோ எடுத்துக்கூட அனுப்பினேன்.

தூங்கினால் அவளை எதுவும் எழுப்பாது. எங்கள் தெருமுனையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போகும். பக்கத்து வீட்டுப் பிள்ளை வீறிட்டு எழும். என் மகள் அசைய மாட்டாள். "தங்கமான புள்ளம்மா ஒனக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரி பெருமூச்சு விடுவாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

ஜூன் மாதம், பள்ளிகள் திறந்திருந்த நேரம். அவளுக்குப் பதினோரு மாதம். ஒரு மதியம் மின்சாரம் இல்லை. போனில் சார்ஜ் குறைந்து, அதிர்வு தானாகவே நின்றுபோயிருந்தது. எனக்கு அது தெரியாது. வழக்கம்போல ஓநாயை இறக்கினேன். ஊளைச் சத்தம் அறை முழுக்க எழுந்தது. மகள் போனின் மேல் கையை வைத்தபடி என் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. இன்னொரு ஓநாயை இறக்கினேன். அவள் கையை எடுத்து, மறுபடி வைத்து, மறுபடி என்னைப் பார்த்தாள். ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்பதுபோல இருந்தது.

நான் அமைப்புகளுக்குள் போய் அதிர்வைப் போட்டேன். ஓநாய் பாய்ந்தது. அவள் சிரித்தாள். அதிர்வை அணைத்தேன். ஊளை மட்டும் கேட்டது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதிர்வைப் போட்டு, சத்தத்தை முழுவதும் அணைத்தேன். போன் ஊமையாக அதிர்ந்தது. கெக்கெக்கென்று சிரித்தாள்.

மூன்று முறை அப்படிச் செய்து பார்த்தேன். இடையில் அந்த ஆட்டத்தில் நான் தோற்றுப்போயிருந்தேன்.

அடுத்த சில நாட்கள் அவளுக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டினேன், கை தட்டினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சில சமயம் திரும்பினாள். என் நிழலைப் பார்த்துத் திரும்பினாளா, தரை அதிர்ந்து திரும்பினாளா, கேட்டுத்தான் திரும்பினாளா? திரும்பிய தடவைகளை மட்டும் எண்ணி மனதைத் தேற்றிக்கொண்டேன். கணிதம் படித்தவள் செய்யக்கூடிய காரியமா அது?

எனக்கு இருந்த பயம் வேறு. போனைக் காதருகே வைத்து வைத்து நான்தான் கெடுத்துவிட்டேனோ என்ற பயம். மாமியார் வரும்போதெல்லாம், "எப்பப் பாரு போனு. புள்ள கண்ணு போயிரும்" என்பார். கண் என்று சொன்னவரிடம் காது என்று நான் எப்படிப் போய்ச் சொல்வது? ஓநாயைப் பற்றிச் சொல்லாமல், எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்ல முடியாது. அதனால் கணவரிடம் பாதியை மட்டும் சொன்னேன்.

"என்னங்க, பாப்பா கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது. ஒருதடவ டாக்டர்ட்ட காட்டலாமா?"

ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நான் நாலு வயசுலதான் பேசுனேனாம். எங்கம்மாவக் கேட்டுப் பாரு."

கேட்டேன். மாமியார் போனிலேயே பதறிவிட்டார். பிரசவத்தின்போது எனக்கும் குழந்தைக்கும் ஆபத்தாகி, குலதெய்வத்திடம் நேர்ந்துகொண்டிருந்தார். முதல் மொட்டையும் காதுகுத்தும் அந்தக் கோயிலில்தான். "அதுவரைக்கும் தலையிலயும் காதுலயும் ஒருத்தரும் கை வெக்கக்கூடாதும்மா. மொதல்ல சாமி தொடட்டும், அப்புறம் டாக்டரு தொடட்டும்."

காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். என் தம்பி வளைகுடாவில் இருக்கிறான். அவனுக்கு லீவு தை மாதம்தான்.

"சரிங்க அத்தை" என்றேன். போனை வைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். என்னைத் தடுத்தார்கள் என்று பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அரியலூரில் ஆஸ்பத்திரி இருக்கிறது. கணவர் காலை ஷிப்ட் போன பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் தனியாகவே போயிருக்கலாம். யாரும் கதவைப் பூட்டி வைக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. மகள் நடந்தாள். முன்பு அவள் வாயால் எழுப்பிக்கொண்டிருந்த சின்னச் சின்னச் சத்தங்கள் குறைந்துகொண்டே வந்தன. தீபாவளி முடிந்து வந்திருந்த நாத்தனார் எனக்கு எதிரே உட்கார்ந்து ஆடினாள். நான் மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றேன்.

"என்ன அண்ணி இது? ஓநாய வெச்சிக்கிட்டு வாசல்ல காவலுக்கு ஒக்கார வெக்கிறீங்க? கையில அஞ்சு கார்டு இருக்கு, எறக்க மாட்டேங்கிறீங்க."

"இன்னும் நல்ல கார்டு வரும்னு பாத்தேன்."

"அதுக்கு என் கோட்டைய எடுத்துக்குங்க. ஓநாயி காத்திருந்தா நாயிதான்."

அவளே சொல்லி அவளே சிரித்தாள். மகளின் எதிரே பலூன் ஒன்றை உடைத்து விளையாட்டுக் காட்டினாள். மகள் சிரித்தது பலூன் காணாமல் போனதற்கு. நாத்தனார் அன்று அதைக் கவனிக்கவில்லை.

தையில் தம்பி வந்தான். வேப்பந்தட்டைக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருக்கிறது குலதெய்வக் கோயில். மொட்டை அடித்து, சந்தனம் பூசி, மகளைத் தம்பி மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும், பிள்ளையின் அழுகை கேட்காமல் இருக்க மேளக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். தவில் அவள் தலைக்கு இரண்டு முழம் தள்ளி இருந்தது. பெரியவர்களே காதைப் பொத்திக்கொண்டார்கள். மகள் மட்டும் தவில்காரரின் கைகளையே ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊசி இறங்கியது. அப்போதுதான் அழுதாள்.

நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் என் முழங்கையைப் பிடித்தாள். "அண்ணி, பாப்பாவுக்குக் காது கேக்கல."

நான் முந்தானையில் கையைத் துடைத்தேன்.

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

சொன்னேன். ஓநாயை, அதிர்வை, எல்லாவற்றையும். அவள் முகம் சிவந்துவிட்டது. "படிச்சவங்கதான அண்ணி நீங்க? ஏழு மாசமா?" என்றாள். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓடுவதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நான் இன்னிக்குத்தான் கண்டுபுடிச்சேன்னு அண்ணங்கிட்ட சொல்லிர்றேன். நீங்க ஒண்ணும் பேசாதீங்க. உடனே திருச்சிக்குப் போங்க" என்றாள்.

நான் அதற்கும் சரி என்றேன்.

நான்காம் நாள் திருச்சியில் மகளைத் தூங்க வைக்க மருந்து கொடுத்து, மொட்டைத் தலையில் ஒயர்களை ஒட்டிச் சோதித்தார்கள். திரையில் எழும்ப வேண்டிய கோடுகள் எழும்பவில்லை. இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்றார் டாக்டர் அம்மா. பிறவியிலேயே உள்ள குறை, போனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் கேட்காமலேயே என் சந்தேகத்துக்குப் பதில் சொன்னார். எல்லாத் தாய்மார்களும் அதைத்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. முதலில் காதில் மாட்டும் கருவி, பிறகு அறுவை சிகிச்சை. சத்தத்தைப் புரிந்துகொள்ள மூளை பழகும் வயது இது, ஒவ்வொரு மாதமும் முக்கியம் என்றார்.

"எப்ப சந்தேகம் வந்துச்சு?"

"போன வாரம் காதுகுத்துலதான் மேடம். எந் தங்கச்சி கவனிச்சா" என்றார் கணவர்.

"நல்லது. உடனே வந்துட்டீங்க." அவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

பிறகு கருவிக்காகக் காதின் அளவுக்கு அச்சு எடுக்கப் பார்த்தார். குத்திய இடம் புண்ணாகி, இரண்டு மடல்களும் வீங்கியிருந்தன. தொட்டதும் மகள் துடித்தாள். "இப்ப எடுக்க முடியாது. புண்ணு ஆறட்டும், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று சொல்லி, நிரப்பிக் கொண்டுவர ஒரு படிவத்தையும் கொடுத்தார்.

மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று பெரம்பலூர் பஸ் ஏறினோம். மகள் என் மடியில் தூங்கினாள். கணவர் மூவர் சீட்டின் ஓரத்தில் இருந்தபடி படிவத்தை நிரப்பினார். பாடாலூரில் பஸ் நின்றது. வெள்ளரிக்காய் விற்பவர்கள் ஜன்னலுக்குக் கீழே கத்தினார்கள். "குறை முதலில் கவனிக்கப்பட்ட மாதம்" என்று வாய்விட்டுப் படித்தார். "நல்லவேள, சீக்கிரம் பாத்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே ஜனவரி என்று எழுதத் தொடங்கினார்.

"ஜூன்னு எழுதுங்க" என்றேன்.

"என்னது?"

"ஜூன் மாசம். எனக்கு அப்பவே தெரியும்."

எப்படித் தெரியும் என்பதையும் சொன்னேன். யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பெரம்பலூர் வரட்டும் என்றிருப்பேன். பெரம்பலூர் வந்ததும் வேப்பந்தட்டை வரட்டும் என்றிருப்பேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பஸ் கிளம்பிய பிறகு, எழுதியிருந்த இரண்டெழுத்தை அடித்துவிட்டு, ஜூன் என்று எழுதினார். பேனாவை மூடினார். என் மடியில் இருந்த மகளை, தூக்கம் கலையாமல், தன் மடிக்கு மாற்றிக்கொண்டார். பெரம்பலூர் பஸ் நிலையத்தில் பையையும் பிள்ளையையும் அவரே சுமந்து முன்னால் நடந்தார். நான் வெறுங்கையோடு பின்னால் போனேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. இன்றுவரை திட்டவில்லை. தேவையானதை மட்டும் பேசுகிறார். மாமியாரிடம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது; மாமியாரும் இப்போது போனைப் பற்றிப் பேசுவதில்லை. புண் ஆற மூன்று வாரம் ஆனது. இப்போது கருவி போட்டிருக்கிறாள்; பிடுங்கி எறிகிறாள்; அறுவை சிகிச்சைக்கு வரிசையில் காத்திருக்கிறோம். பயிற்சி கொடுக்கும் பெண், இன்னும் முன்னாடியே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறாள்.

ஆட்டத்தை நான் அழிக்கவில்லை. ஆடுவதும் இல்லை. ஆனால் சில மதியங்களில் மகளே போனை எடுத்துவந்து என் மடியில் வைத்து, அதன் மேல் உள்ளங்கையை விரித்துக்கொண்டு காத்திருப்பாள். அப்போது மட்டும் திறக்கிறேன். ஓநாய்கள் பாய்கின்றன, போன் அதிர்கிறது, அவள் கெக்கெக்கென்று சிரிக்கிறாள்.