எமில் போட்ட ‘பி’யும் லோர்னாவும்

லோர்னா வெஸ்டர்பி 1979-இல் எங்கள் கல்லூரிக்குத் தட்டச்சு வேலைக்குத்தான் வந்தார். எண்பத்தெட்டில் நான் சேர்க்கை அலுவலகத்தில் கால் வைத்தபோது அவர் விண்ணப்பங்களைப் படித்து மாணவர்களைத் தேர்ந்தெடுப்பவராகிப் பல வருஷம் ஆகியிருந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வடகிழக்கு மூலையில் உள்ள உயர்நிலைப் பள்ளிகள் அத்தனையும் அவர் பொறுப்பு.

அக்டோபர் பிறந்துவிட்டால் அவரை மேசையில் பார்க்க முடியாது. சோளக்காடுகளுக்கு நடுவே ஒவ்வொரு பள்ளியாகக் காரை ஓட்டிக்கொண்டு போவார். மற்ற கல்லூரிக்காரர்கள் தலைமையாசிரியர் அறையில் காபி குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். லோர்னா நேரே ஆசிரியர்கள் சாப்பிடும் மேசைக்குப் போய்த் தட்டோடு உட்கார்ந்துவிடுவார். பொதுத்தேர்வு இல்லாததால், அந்தந்த ஆசிரியர் போடும் ஏ, பி என்ற தரத்தை வைத்துத்தான் நாங்கள் இடம் கொடுப்போம். அதனால் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

“உங்க கிளாஸ்ல ஒரு பிள்ளை ஏ வாங்கணும்னா என்ன பண்ணணும்?”

சிலர் சிரித்துக்கொண்டே, “தூங்காம இருந்தா போதும்” என்பார்கள். சிலர் எழுந்துபோய்க் கேள்வித்தாளையே எடுத்துவந்து காட்டுவார்கள். யார் என்ன பதில் சொன்னார் என்பதை லோர்னா மறக்கவே மாட்டார்.

முதல் வருஷம் வேலை பழக என்னையும் அழைத்துப் போனார். நோர்டால் என்ற சின்ன ஊரில் எமில் கிராயிசெக்கை அப்போதுதான் பார்த்தேன். இயற்பியல் ஆசிரியர், நல்ல உயரம், சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூள். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ ஏ போடுகிறவர்.

“என்ன எமில், இந்த வருஷமாவது கை தாராளமாச்சா?” என்றார் லோர்னா.

“ஒரு பொண்ணுக்குப் போட்டிருப்பேன். யூனிட் எழுத மறந்துட்டா.”

“அதுக்காகவா பி?”

“மீட்டரா மைலான்னு தெரியாம அவ கட்டுற பாலத்துல நீங்க கார் ஓட்டுவீங்களா?”

அவர் சிரிக்கவில்லை. நாங்கள்தான் சிரித்தோம்.

ஜனவரியில் விண்ணப்பங்கள் வந்து குவியும். ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் டக் டக். நீள மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து படிப்போம். நான் ஒரு மதிப்பெண் பட்டியலைத் தயக்கத்தோடு நீட்டுவேன். லோர்னா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்ப்பார்.

“இது எமிலோட பி. மேல வை.”

இன்னொன்று முழுக்க ஏவாக இருக்கும். “இந்த ஊர் வாத்தியார் நல்ல மனுஷன், யாரையும் அழவிட மாட்டார். கட்டுரையைப் படிச்சுட்டு அப்புறம் சொல்லலாம்.”

அப்படி அவர் மேலே வைத்த பிள்ளைகள் பெரும்பாலும் எங்களிடம் நன்றாகவே படித்தார்கள். தவறும் செய்திருக்கிறார். இளகிய வாத்தியார் என்று நினைத்து ஒரு பையனைத் தள்ளிவிட்டார்; அவன் வேறு கல்லூரியில் கணிதத்தில் பரிசு வாங்கினான். அந்தச் செய்தி வந்த நாளிதழ் ஒரு வருஷம் அவர் மேசையில் கிடந்தது. யாரையும் எடுத்துப்போடச் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் சாப்பாட்டு மேசைப் பேச்சு மாறியது. ஆசிரியர்கள் குரலைத் தணித்துக்கொண்டார்கள். “பி போட்டா அன்னைக்கே அம்மா போன் பண்றாங்க, லோர்னா. ஸ்காலர்ஷிப் போயிடும்னு அழறாங்க. பக்கத்து ஊர்ல எல்லாருக்கும் ஏ தர்றாங்க, எங்க பிள்ளைங்க மட்டும் ஏன் நஷ்டப்படணும்?” அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஒரு பள்ளியின் பட்டமளிப்பு விழாவில் முதலிடம் பெற்றவர்கள் என்று பதினான்கு பேரை மேடையேற்றினார்கள். நாற்காலி பத்தாமல் கடைசி மூவர் நின்றார்கள். லோர்னா எல்லாருக்கும் கை தட்டினார்.

2009-இல் கிராண்ட் செவல் என்ற இளைஞர் எங்களுக்கு இயக்குநராக வந்தார். கெட்டவர் அல்ல. நாலாயிரம் விண்ணப்பம், படிக்க அதே ஐந்து பேர். பள்ளி மதிப்பெண் சராசரி நாலுக்கு மூணே முக்காலுக்குக் கீழே இருந்தால் கணினியே ஒதுக்கிவிடட்டும் என்று ஏற்பாடு செய்தார்.

மறு வருஷம் மார்ச்சில் எமில் லோர்னாவைத் தொலைபேசியில் அழைத்தார். இருபது வருஷத்தில் அவராக அழைத்தது அதுதான் முதல் தடவை.

“ஜோயெல் ஆம்டாலை ஏன் வேண்டாம்னீங்க?”

“அந்தப் பேர்ல எனக்கு ஃபைலே வரலையே, எமில்.”

“இடமில்லைன்னு உங்க கடிதம் வந்திருக்கு. என்கிட்ட படிச்சதுலயே கெட்டிக்காரி அவதான்.” பிறகு மெதுவாகக் கேட்டார்: “நான் பி போட்டதாலயா?”

லோர்னாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “ஆமா, எமில். கம்ப்யூட்டரே ஒதுக்கியிருக்கும்.”

போனை வைத்ததும் கிராண்டின் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் எங்களுக்குக் கேட்டது.

“அந்த பி எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியும், கிராண்ட்.”

“உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? நீங்க ரிடையரானப்புறம் யாருக்குத் தெரியும்?”

ஆனாலும் கிராண்ட் ஃபைலை வரவழைத்துப் படித்தார். படித்துவிட்டு, “கூப்பிட்டுச் சொல்லுங்க, இடம் தர்றோம்” என்றார்.

லோர்னா என் மேசையிலிருந்துதான் அந்தப் பெண்ணோடு பேசினார்.

“ரொம்ப நன்றிங்க மேடம். நான் ஸ்டேட் யூனிவர்சிட்டிக்குச் சரின்னு எழுதிட்டேன். பரவால்லைங்க, கடிதம் வந்த அன்னைக்கு மட்டும்தான் அழுதேன்.”

லோர்னா போனை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடக்கப் போய்விட்டார்.

ஜூனில் எமில் மறுபடி அழைத்தார். “இந்த வருஷம் இருபத்திரெண்டு ஏ போட்டிருக்கேன், லோர்னா. இனிமே என்னை நம்பாதீங்க.”

அந்த அக்டோபரில் நாங்கள் இருவரும் நோர்டாலுக்குப் போனோம். கொழகொழவென்றிருந்த மக்ரோனியைக் கிளறியபடி எமில் ஒரு விஷயம் சொன்னார். பள்ளி அலுவலகத்துக்குப் போகும் மதிப்பெண் எல்லாம் ஏ. ஆனால் விடைத்தாளின் மூலையில் உண்மையான மார்க்கைப் பென்சிலால் எழுதிக் கொடுக்கிறாராம். பிள்ளைகள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்களாம்.

“அந்தப் பென்சில் மார்க்கை மட்டும் எனக்குத் தனியா எழுதி அனுப்புங்களேன்” என்றார் லோர்னா, கெஞ்சாத குறையாக.

“அனுப்பலாம். அம்மாக்களுக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்? அப்புறம் பென்சில்லயும் ‘ஏ’தான் போடணும். அது ஒண்ணாவது பிள்ளைங்களுக்குன்னு இருக்கட்டும்.”

லோர்னா தன் தட்டிலிருந்த ஆப்பிள் பலகாரத்தில் பாதியை வெட்டி அவர் தட்டில் வைத்தார்.

இரண்டு வருஷத்தில் இருவரும் அடுத்தடுத்து ஓய்வு பெற்றார்கள். ஜோயெல் சிவில் இன்ஜினியராகி, மாநில நெடுஞ்சாலைத் துறையில் மழைநீர் வடிகால் வேலை பார்ப்பதாக எமில் சொல்லித் தெரியும். எங்களிடம் வந்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருப்பாளா என்று யாருக்கும் தெரியாது.

நோர்டால் இப்போது என் பொறுப்பு. எந்த ஃபைலைத் திறந்தாலும் ஒரே சுருதி, எல்லாம் ஏ. அந்தப் பழைய ஜனவரிகளை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. ஒரு பட்டியலைப் பார்த்ததும் அதன் பின்னால் ஒரு மனிதரின் முகமும் அவர் பிடிவாதமும் எங்களுக்குத் தெரிந்த காலம் அது. போன குளிர்காலத்தில் ஒரு பெண்ணின் பட்டியலில் ஒற்றை பி பிளஸ் கண்ணில் பட்டது, வேதியியலில். ஆசிரியை பெயர் புதிது. மனசு கேட்காமல் லோர்னாவை அழைத்தேன்.

“அந்த டீச்சரை உங்களுக்குத் தெரியுமா, லோர்னா?”

“தெரியாதே. உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப என்னை எதுக்குக் கேக்கறே, மார்னி? சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ற மாதிரி கிளம்பு. பழைய ரோட்ல போகாத, ஐஸ் இருக்கும்.”

மறுநாள் காலை விடுப்புச் சொல்லிவிட்டு அந்த டீச்சரின் பள்ளிக்குக் கிளம்பினேன்.