புகை படிந்த வெளிச்சுவர்

செவ்வாய்க்கிழமை மதியம் பேருந்தில் இருந்தபோது பவானி அக்காவின் மகள் அழைத்தாள். "அம்மா இண்டைக்குக் காலமை போயிட்டா மாமா" என்றாள். இறங்கவேண்டிய நிறுத்தம் கடந்துபோனதே எனக்குத் தெரியவில்லை. ஸ்டுட்கார்ட்டில் என்னோடு பல ஆண்டுகள் பழைய கட்டடங்களை ஆய்வு செய்தவர் அவர்.

அவரை அறிந்து, இன்று அவரை நினைவுகூரக் கூடியிருக்கும் உங்களுக்கு அவருடைய கேள்விகளையும் தெரியும். எந்த வீட்டில் தேநீர் கொடுத்தாலும், "இந்தக் கட்டடம் முதல் என்னவா இருந்தது?" என்று கேட்டபிறகுதான் குடிப்பார்.

தென் ஜெர்மனியில் அல்கோய் மலையடிவாரத்துப் பண்ணை வீடொன்றுக்கு நாங்கள் போனதைச் சொல்லவேண்டும். வீட்டுக்காரி எல்ஸ்பெத், எழுபதைத் தாண்டியவர். வெளிச்சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முழு மரங்கள் கறுப்பாகத் தெரிந்தன. தீப்பிடித்த வீடு, இனித் தாங்காது என்று யாரோ சொல்ல, இடித்துவிட அவர் முடிவெடுத்திருந்தார். இடிக்குமுன் அளந்து வரைவது மட்டுமே எங்கள் வேலை.

"நெருப்புத்தான் அக்கா, எவ்வளவு கறுப்பெண்டு பாருங்கோ" என்றேன்.

அக்கா கத்தியால் மெல்லச் சுரண்டினார். கறுப்புக்குக் கீழே தேன் நிற மரம். "நெருப்பெண்டா உள்ளுக்கும் கரிஞ்சிருக்கும். இது அடுப்புப் புகை. ஆனா அடுப்புப் புகை ஏன் வீட்டுக்கு வெளியில?"

அந்தக் கேள்வியில் சாப்பாட்டையே மறந்துவிட்டார். உள்ளே பலகையைக் கழற்றிப் பார்த்தால், அதே மரங்களின் உட்பக்கம் மழையில் நரைத்து வெடித்திருந்தது. மூலைகளில், மரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களில், கோடாரியால் வெட்டிய கோடுகள்.

"இலக்கம் போட்டிருக்கினம்! வீட்டைக் கழட்டி, ஏத்திக்கொண்டு வந்து, திரும்பப் பூட்டியிருக்கினம். பூட்டேக்க இந்தச் சுவரை உள்வெளியா மாத்திப்போட்டினம்" என்று சிரித்தார். அந்தக் காலத்தில் மரவீட்டை இடம்பெயர்த்துக் கட்டுவது வழக்கம் என்று அன்றுதான் அறிந்தேன்.

எல்ஸ்பெத் நம்பவில்லை. "எங்கள் குடும்பம் எப்போதும் இங்கேதான்" என்றார், சற்றுக் கோபமாக. அக்கா வாதாடவில்லை. எல்ஸ்பெத்தின் கையைப் பிடித்து அந்தக் கோடுகள்மேல் வைத்தார். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்த எல்ஸ்பெத், "அப்படியானால் நாங்கள் எங்கிருந்து வந்தோம்?" என்று கேட்டார்.

மரம் உறுதியாக இருப்பது பரிசோதனையிலும் தெரிந்தது. எல்ஸ்பெத் வீட்டை இடிக்கவில்லை. அவருடைய கேள்விக்குத்தான் விடை கிடைக்கவில்லை. அயல் பள்ளத்தாக்குகளில் அந்த வீட்டின் அளவுக்குப் பொருந்தும் பழைய அத்திவாரத்தை அக்கா தேடிக்கொண்டே இருந்தார். பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வந்த வீடு என்று அறிக்கையில் எழுதிவிடலாமே என்றேன். "ஏலாது. தெரியாட்டி தெரியாதெண்டுதான் எழுதவேணும். அப்பதான் ஆரும் பிறகு தேடுவினம்" என்றார்.

துயரச் செய்தியைச் சொல்ல நேற்று எல்ஸ்பெத்தை அழைத்தேன். அழுதார். பிறகு, மலைக்கு அப்பால் ஒரு மேய்ச்சல் நிலத்தில் அத்திவாரம்போல் பழைய கற்கள் கிடப்பதாக அக்கா போன மாதம் தொலைபேசியில் சொன்னதையும், உடம்பு தேறியதும் போய்ப் பார்ப்பதாக இருந்ததையும் சொன்னார். "இனி யார் போவது?" என்றார்.

நான் போகிறேன் என்றேன். அக்கா முடிக்காமல் விட்ட அந்தத் தேடலை நான் ஏற்றுத் தொடர்கிறேன்.