முப்பத்திரண்டு பல்லும் ஒரு நீலப் பாஸ்போர்ட்டும்

“கல்யாண போட்டோவுக்கு நில்லுடான்னா எழவு ஊட்டுல நிக்கறாப்ல நிக்கறானுங்க. பாஸ்போர்ட் போட்டோன்னா மட்டும் முப்பத்திரண்டு பல்லையும் காட்றானுங்க. நான் எந்த செவுத்துல போயி முட்டிக்கறது?”

ஃபிஜித் தீவில் தவுவா கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த தேவேந்திரா இதைச் சொல்லாத நாள் கிடையாது. வாசலுக்கு எதிரே கத்திரிக்காய் விற்ற அஞ்சலைக்கு அது மனப்பாடம். உள்ளேயிருந்து “கல்யாண போட்டோவுக்கு” என்று குரல் கிளம்பினால் போதும், மிச்சத்தை அவரைப் போலவே மூக்கால் இழுத்து அவள் முடித்துவைப்பாள். கடைசியில் சொந்தச் சரக்காக ஒன்றும் சேர்ப்பாள்: “மேற்கு செவுத்துல முட்டாத அண்ணே, அது ஈரம், உழுந்துடும்!”

பல் தெரியக்கூடாது என்ற சட்டம் அவர் போட்டதுதான். கடை திறந்த புதிதில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மேல்படிப்புக்குப் போகப் படம் எடுத்தார். ஏதோ ஒரு தேசத்து ஆபீசிலிருந்து ‘வாய் திறந்திருக்கிறது’ என்று படம் திரும்பி வந்தது. வாத்தியாருக்குக் கப்பல் தவறிப்போனது. அன்றிலிருந்து தமிழர்களுக்கு “வாய மூடு”, மற்றவர்களுக்கு “மூ பந்த் கரோ!” வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வட்டுகோலா தங்கச் சுரங்கத்திலிருந்து அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வரும் ஆட்களும், அவர்களோடு ஒட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளும் தீவின் பூர்வகுடிகளான காவித்திகள் ஆனாலும் இந்தியர் ஆனாலும் அந்த இரண்டாவது அதட்டலைக் கேட்டுத்தான் திரும்புவார்கள்.

ஊரையெல்லாம் படம் எடுத்து அனுப்பியவருக்குப் போக ஓரிடமும் இல்லை. ஆனாலும் அவரிடம் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. எழுபதில் சுதந்திரம் வந்தபோது பள்ளி மைதானத்தில் வெளிர்நீலக் கொடி ஏறியதை மரப்பெட்டி மேல் நின்று படம் எடுத்தவர் அவர். நாலு வருஷம் கழித்து தலைநகர் சூவாவுக்கு பஸ் ஏறிப் போய், ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்று, அந்த நீலப் புத்தகத்தை வாங்கி வந்தார். பீரோவில் கற்பூரத்தோடு வைத்தார், காலாவதி ஆகும்போதெல்லாம் புதுப்பித்தார்.

“எங்க போகப் போறீங்கன்னு இது?” என்றாள் மனைவி ருக்மணி.

“எங்கயும் போகல. போகணும்னு தோணினா போகலாம்னு ஒரு காயிதம் இருக்கணும்ல? என் தாத்தன வெள்ளக்காரன் வடார்க்காட்டுலேருந்து கரும்புக் கூலியா கப்பல்ல ஏத்தினப்ப அவன் கையில என்னா குடுத்தான்? இன்ன உசரம், முழங்கால்ல தழும்புன்னு ஒரு சீட்டு. மாட்டுக்கு எழுதறாப்ல. எனக்கு பாரு, பேரு, படம், மேல நாட்டு முத்திரை. ஃபிஜிக்காரன்னு போட்டிருக்கு!”

“உள்ள எல்லாப் பக்கமும் வெள்ளையா இருக்கே.”

“இருந்துட்டுப் போவட்டும். அது என் வெள்ளப் பக்கம்.”

எண்பத்தேழு மே மாதத்தில் இந்தியர்கள் ஓட்டில் வந்த அரசைக் கவிழ்க்கப் பட்டாளம் பார்லிமெண்டுக்குள் புகுந்தது. அதற்கு அடுத்த வாரமே ஸ்டூடியோ வாசலில் வரிசை நின்றது. குமாஸ்தா, மெக்கானிக், நர்ஸ், கரும்பு லாரி வைத்திருந்தவர், எல்லோரும் குளித்து எண்ணெய் தேய்த்துக் குடும்பத்தோடு வந்தார்கள். தேவேந்திரா கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், எடுத்தார், விட்டார், எடுத்தார். சாயங்காலம்தான் அவருக்கு உறைத்தது: அன்று முழுக்க ஒருவரிடமும் வாயை மூடச் சொல்லவில்லை. அறுபது பேரில் ஒருவர்கூடப் பல்லைக் காட்டவில்லை. மறுநாள் முதல் ஆளிடம், தன் வாயாலேயே, “கொஞ்சம் சிரிடா” என்றார். அவன் சிரிக்கவில்லை. எதிரே அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள், ஆனால் மிச்சத்தைச் சொல்லவில்லை.

வந்தவர்கள் போனார்கள். ஆக்லாண்டு, சிட்னி, வான்கூவர். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களில் ஆட்கள் அப்படியே இருந்தார்கள், வீடுகளில் இல்லை. தேவேந்திராவின் மகன் சுனீலும் தொண்ணூற்றைந்தில் எலக்ட்ரீஷியன் வேலைக்கு சிட்னி போனான். அவனையும் அவர்தான் படம் எடுத்தார். வாயை மூடச் சொன்னார். மூடினான்.

இரண்டாயிரத்தில் மறுபடி ஒரு கவிழ்ப்பு. இந்த முறை ஸ்டூடியோ ஷட்டரிலும் கூரையிலும் கற்கள் விழுந்தன. யார் எறிந்தது என்று தெரியாது; கூரையில் தங்கியவை எட்டு நாள் கிடந்து, காற்றுக்கு ஒன்று ஒன்றாகக் கீழே விழுந்தன. ருக்மணி ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தாள். ஒருநாள் தீர்மானமாகச் சொன்னாள்: “சுனீலப்பா, நான் பையன்கிட்ட போறேன். நீங்க உங்க கேமராவ கட்டிக்கிட்டு இருங்க.” முப்பது வருஷத்தில் அவள் கேட்ட முதல் விஷயம். தேவேந்திரா வாயை மூடிக்கொண்டார்.

சுனீல் விசா பாரங்களை அனுப்பினான். ஒரு கட்டு. பேனாவும் கையுமாக உட்கார்ந்த தேவேந்திராவின் குரல் தெருவுக்கே கேட்டது.

“பத்து வருசமா எங்கெங்க குடியிருந்தேன்னு கேக்கறான். இதே நாக்காலிலதான்டா குந்தியிருந்தேன்! நெஞ்ச எக்ஸ்ரே எடுன்னான், எடுத்தாச்சி. போலீஸ் சர்டிபிகேட் கொண்டான்னான், கொண்டாந்தாச்சி. இப்ப பாரு, கவுர்மெண்ட்ட கவுத்திருக்கியான்னு கேக்கறான்! கவுத்தவன் எவனும் இந்தப் பாரம் நிரப்பலியே. கவுந்தவன்தானே குந்தி நிரப்பறான்!”

“இல்லன்னு எழுது அண்ணே,” என்றாள் எதிரேயிருந்து அஞ்சலை. “நாக்காலிய மட்டும் ரெண்டு தபா கவுத்திருக்கேன்னு எழுது.”

பாரம் போய் ஒரு வருஷம் பதில் இல்லை. ருக்மணி மாரியம்மனிடம் போனாள். விசா வந்தால் தன் புருஷன் தலைமுடியும் மீசையும் எடுத்து, காப்புக் கட்டி, ஆடித் திருவிழாவில் தீ மிதிப்பான் என்று வேண்டிக்கொண்டாள். புருஷனிடம் கேட்கவில்லை. வேண்டுதல் அவளுடையது, மயிர் அவருடையது.

விசா வந்துவிட்டது. ஆகஸ்ட் பதினைந்துக்குள் சிட்னியில் கால் வைக்க வேண்டும் என்று தேதி போட்டு வந்தது. சுனீல் அதற்கு இரண்டு நாள் முன்னதாக டிக்கெட் எடுத்துவிட்டான். அந்த வருஷம் தீமிதி பதினோராம் தேதி.

“அங்க போயி முடி எடுத்துக்கறனே,” என்று கெஞ்சிப் பார்த்தார் தேவேந்திரா.

“அங்க வர ஆத்தாவுக்கு யாரு விசா குடுப்பா?”

கோயிலுக்குப் போய்க் காப்புக்குக் கையை நீட்டினார். காப்புக் கட்டிவிட்டால் கோயில் எல்லையைத் தாண்டக்கூடாது. பத்து நாள் அங்கேயே படுத்தார், மஞ்சள் தண்ணீர் குடித்தார், தாண்டாமல் இருந்தார். ஒருநாள் கோயில் எல்லை வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நின்று அஞ்சலை கேட்டாள்: “என்னா அண்ணே, கடல் தாண்டப் போறவன் இந்த வாய்க்கால் தாண்ட முடியாம குந்தியிருக்க?” அவர் சிரித்தார். ஆனால் அப்புறம் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். இந்தக் கயிறு அவரே கை நீட்டிக் கட்டிக்கொண்டது. பத்து நாளில் தானே அவிழும். யாரும் கேள்வி கேட்டு முத்திரை குத்தவில்லை. கட்டுப்பட்டிருப்பதில்கூட இரண்டு ஜாதி இருக்கிறது என்று தோன்றியது.

தீ மிதித்தார். கால் சுடவில்லை. சுட்டது நாந்தி விமான நிலையத்தில்.

முப்பது வருஷம் ஊருக்கே போட்டோ எடுத்தவர் ஒன்றை யோசிக்கவே இல்லை. பாஸ்போர்ட்டில் இருந்தவருக்குச் சுருட்டை முடி, கருகருவென்று மீசை. கவுண்டரில் நின்றவர் மொட்டைத் தலையும் மழமழ உதடுமாக, காதுமடல் வரை மஞ்சள் ஏறி, உரித்த பலாக்கொட்டை மாதிரி இருந்தார். ருக்மணி முத்திரை வாங்கிக்கொண்டு அந்தப்பக்கம் போய்விட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த காவித்திப் பெண் படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், திரும்பப் படத்தைப் பார்த்தாள்.

“புலா, சார். இது யாரு?” தீவு முறைப்படி வணக்கம் சொல்லிவிட்டு, வட்டாரத்து ஹிந்தியில்தான் கேட்டாள்.

“நான்தாம்மா.”

“முடி?”

“சாமிக்கு.”

“மீசை?”

“அதுவும் சாமிக்கு.”

“சாமி நெறையத்தான் எடுத்திருக்கு,” என்றாள். “சார், இங்க விட்டாலும் சிட்னியில விட மாட்டாங்க. பெரிய ஆபீசரக் கேக்கணும். ஓரமா நில்லுங்க.”

நாளை மறுநாளோடு தேதி முடிகிறது. இன்று விமானம் போனால் விசா போச்சு. தடுப்புக்கு அந்தப்பக்கம் ருக்மணி முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். வேண்டுதலை நிறைவேற்றியதால் வந்த வினை என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. தேவேந்திராவுக்கு உள்ளுக்குள் ஒரு மூலையில், போகாமல் போனால்தான் என்ன என்று ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. மனைவியைப் பார்த்ததும் அது ஓடிப்போனது.

அந்தப் பெண் பாஸ்போர்ட்டை ஆபீசருக்குக் காட்ட எடுத்தவள், படத்தையும் பலாக்கொட்டையையும் இன்னொரு தடவை ஒப்பிட்டாள். அடக்க முடியாமல் பல் அத்தனையும் தெரியச் சிரித்துவிட்டாள்.

பழக்க தோஷம். தேவேந்திராவின் வாய் தானாகத் திறந்தது: “மூ பந்த் கரோ!”

கவுண்டரே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணின் வாய் டப்பென்று மூடிக்கொண்டது, முதுகு நிமிர்ந்தது, கை இரண்டும் மடிக்குப் போயின. ஒரு நொடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “தவுவா ஸ்டூடியோ. ஈரச் செவுரு.”

“நீ?”

“வட்டுகோலா. எங்கப்பாகூட வெள்ளிக்கிழமை பஸ்ல வருவேன். எட்டு வயசுல என்னை மூணு தடவை திட்டினீங்க சார்.” ஆபீசர் பக்கம் திரும்பினாள். “சார், இவரேதான். முகம் எனக்குத் தெரியல. கொரல் தெரியும்.”

ஆபீசர் பழைய கையெழுத்தையும் புதிய கையெழுத்தையும் ஒத்துப் பார்த்து, ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். முத்திரை விழுந்தது. “போயிட்டு வாங்க சார்,” என்றாள் பெண். அந்த ‘வாங்க’ தேவேந்திராவின் காதிலேயே தங்கிவிட்டது. சிட்னியில் அந்தக் கடிதத்தை மூன்று பேர் படித்தார்கள், நாலாவது ஆள் முத்திரை குத்தினான். அவனும் நல்லவன்தான். ஆனால் அவன் ‘வாங்க’ என்றானே தவிர, ‘போயிட்டு’ என்று ஒன்று அதற்கு முன்னால் இல்லை.

சிட்னியில் லிவர்பூல் என்ற பேட்டைப் பக்கத்தில் மகன் வீடு. மூலைக்கடைக்காரர் சென்னைத் தமிழர்.

“சார் இந்தியாவுல எந்த ஊரு?”

“தவுவா.”

“அது எங்க, கும்பகோணம் பக்கமா?”

“ராக்கிராக்கி பக்கம்.”

கடைக்காரர் அன்று முழுக்க யோசித்திருப்பார். ஃபிஜியில் இருந்தவரை இந்தியன் என்றார்கள். இங்கே வந்தபிறகு இந்தியர்களே அவரை இந்தியன் என்று சேர்த்துக்கொள்ளப் பார்த்தார்கள். அவர் இரண்டு பேரிடமும் அந்த நீலப் புத்தகத்தைத்தான் காட்டினார். வருஷத்துக்கு ஒருமுறை தவுவாவுக்குப் போவார், ஷட்டரைத் தூக்கி ஒட்டடை அடிப்பார், அஞ்சலையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்புவார். நாந்தியில் ஊர்க்காரர் வரிசையில் நின்று, ஒரு கேள்வியும் இல்லாமல் உள்ளே போகிற அந்த அரை நிமிஷத்துக்காகவே போகிறார் என்று ருக்மணி கேலி செய்வாள்.

இரண்டாயிரத்து ஆறு டிசம்பரில் இன்னொரு கவிழ்ப்பு, மறுபடி பட்டாளம் இறங்கியது. சுனீல் பொறுமை இழந்தான். விசாவில் போய்வரக் கொடுத்த ஐந்து வருஷமும் முடியப்போகிறது.

“பா, இனிமே ஒவ்வொரு தபா திரும்பி வரதுக்கும் பாரம் நிரப்பணும். இந்த ஊரு பாஸ்போர்ட் எடுத்துட்டா ஒலகம் பூரா போலாம். அம்மா சரின்னுட்டாங்க.”

“ஒலகம் பூரா போலாம். தவுவாவுக்கு?”

“போலாமே. நீலத்தத் திருப்பிக் குடுத்துடணும், ஃபிஜி சட்டம் ரெண்டு வெச்சுக்க உடாது. ஏர்போர்ட்ல வெளியாளுங்களுக்கு நாலு மாசம் முத்திரை குத்துவான்.”

“என் ஊட்டுக்கு நாலு மாசம்.”

“என்னா பா நீங்க! மூணு தபா தள்ளின ஊரு அது.”

மறுநாள் தேவேந்திரா அவர்களோடு கிளம்பி, பாஸ்போர்ட் படமும் எடுக்கும் மருந்துக்கடைக்கு வந்தார். ருக்மணி முதலில் உட்கார்ந்தாள். வாயை மூடி, நேராகப் பார்த்து, ஒரே தடவையில் முடித்தாள். முப்பது வருஷ ஸ்டூடியோக்காரர் பெண்டாட்டி. அடுத்து அவர். கவுண்டர் பெண் விளக்கைப் போட்டாள். முளைத்து நரைத்த மீசைக்குக் கீழே முப்பத்திரண்டு பல்லும் பளீரென்று தெரிந்தன.

“சிரிக்கக்கூடாது சார், ப்ளீஸ்,” என்றாள் இங்கிலீஷில்.

தலையாட்டினார். மறுபடி எடுத்தாள். மறுபடி பல். மூன்றாவது தடவை இன்னும் அகலம். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. ருக்மணி ஏதோ புரிந்தவளாகத் தன் படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. சுனீலுக்கு முகம் சிவந்தது.

“பா, வாய மூடுங்க! ஊரையே வாய மூடுன்னு கத்தினது நீங்கதான? என்னையும் சேத்து?”

தேவேந்திரா ஸ்டூலிலிருந்து எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“கத்தினேன்டா. நீங்கல்லாம் அடுத்தவன் ஊட்டுக்குப் போறவங்க, வாய மூடிக்கிட்டுதான் நிக்கணும். உன் ஊட்டுக்கு வர நானும் மூடிக்கிட்டு எத்தனை பாரம் வேணா நிரப்பறேன், பெத்தவன், அது என் கடமை. ஆனா என் ஊட்டுக்குப் போறதுக்கு எவன்கிட்டயும் நாலு மாசம் கேட்டு நிக்க மாட்டேன். அவன் மூணு தபா இல்ல, முப்பது தபா தள்ளினாலும் அது என் ஊடு, நான் பல்லக் காட்டிக்கிட்டுதான்டா உள்ள போவேன்!”