திடீரென்று இறங்கிய கோடு

என் மாப்பிள்ளை கிரேன் ஓட்டுபவர். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களில் பாதி அவர் கட்டியது என்பாள் என் மகள். நான் சரிபார்த்ததில் மூன்று.

ஒருநாள் கிரேன் ஏணியின் நடுவில் உயரத்தைக் கண்டு பயந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு வீட்டில் பல்பு மாட்டுவதற்குக்கூட என் மகள்தான் ஸ்டூலில் ஏற வேண்டும். பயம் போய்விட்டதென்று மனநல ஆலோசகர் எழுதிக் கொடுக்காவிட்டால் அடுத்த மாதக் கடைசியில் கிரேன் வேறொருவருக்கு என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

என் மகன் அவரை வாரு வாரென்று வாரினான். "மச்சான், கட்டில்ல படுத்தா தலை சுத்தலையே? பாய் போடச் சொல்லவா?"

வாரந்தோறும் ஆலோசகரைப் பார்க்குமுன் மாப்பிள்ளை ஒரு கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். அந்தப் பதில்களை ஒரு மென்பொருள் கோடாக வரையும். பயம் கூடினால் கோடு மேலே, குறைந்தால் கீழே. வாரக்கணக்காக ஆணியடித்த மாதிரி உச்சியிலேயே நின்ற கோடு, நாங்கள் குடும்பத்தோடு போயிருந்த அன்று தொபுக்கென்று விழுந்தது. மென்பொருள் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுவிட்டது.

ஆலோசகர் திரையைத் திருப்பிக் காட்டினார். "திடீர்னு இறங்கினா சந்தோஷம்தான். ஆனா ஏன்னு தெரியணும். வேலைக்காகக் குறைச்சு எழுதியிருந்தா, மேல போய் மாட்டிக்கப்போறது நீங்கதான். இந்த வாரம் என்ன நடந்துச்சு?"

மாப்பிள்ளை என் மகனைப் பார்த்தார். மகன் மின்விசிறியைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல மேடம்."

"அப்ப நான் எழுதித் தர முடியாதே."

"வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? சொல்லுங்களேன்!" என்றாள் என் மகள்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்டி."

மகனின் காது சிவந்தது. "ஐயோ, நானே சொல்லித் தொலைக்கிறேன்! அடைப்பு எடுக்க மாடித் தண்ணித்தொட்டி மேல ஏறினேன். தெரியாத்தனமா கீழ பார்த்துட்டேன். அப்படியே பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டேன்."

"பல்லி அழாது," என்றார் மாப்பிள்ளை.

"மச்சான்தான் ஏறி வந்து, என் காலை ஒவ்வொண்ணாப் பிடிச்சு வச்சு இறக்கினாரு."

"இவனைத் திட்டுற அவசரத்துல பயப்படவே மறந்துட்டேன் மேடம். கீழ வந்தப்புறம்தான் நான் ஏறினதே உறைச்சுது. அதுலேருந்து தினமும் ஏறிப் பார்க்கிறேன். நல்ல காத்து!"

என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வாரத்தை வச்சு இந்த மென்பொருளும் நம்பாது, நானும் நம்பமாட்டேன். இன்னும் சில வாரம் கோடு கீழயே நிக்கட்டும்."

கோடு கீழேயே நின்றது. கெடு முடியுமுன் ஆலோசகர் எழுதிக் கொடுக்க, மாப்பிள்ளை மறுபடி கிரேனில் மேலே போனார்.

இப்போது அந்தக் கேள்வித்தாளை நிரப்புவது என் மகன். அவன் கோடு உச்சியில் இருக்கிறது. மதிய இடைவேளையில் கிரேன் கூண்டிலிருந்து அவனுக்குத் தவறாமல் போன் வருகிறது: "என்ன மாப்ளே, பாய் போடச் சொல்லவா?"