காயப்போட்ட கடல் திராட்சை

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் சிவகாசியில் சொந்தப் பட்டாசு கம்பெனி வைத்தவன். ஈரம்தான் எங்கள் தொழிலுக்குப் பகை; எங்கே கண்டாலும் காயவைத்துவிடுவேன்.

வீட்டுக்கு முதல் செல்போன் வந்த வருடம், மலேசியத் தீவொன்றில் பிறந்த என் மருமகள் மசக்கையில் நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. அவள் ஆசைப்பட்டாளென்று அவளுடைய அண்ணன் அந்தத் தீவிலிருந்து கடல் திராட்சை கொண்டுவந்தார். பச்சை மணிகளாகக் கொத்துக் கொத்தான கடற்பாசி அது. தண்ணீர் சொட்டியதைப் பார்த்ததும் மொட்டைமாடியில் பரப்பிவிட்டேன். மதியத்துக்குள் எல்லாம் சுருங்கிப்போனது.

“பச்சையா திங்கிறதைப் போயி வெடிமருந்துன்னு நினைச்சீகளா?” என்று என் மனைவி கத்தினாள்.

மருமகள் சுருங்கியதை அள்ளிக் கஞ்சியில் போட்டாள். அவள் குடிக்கும்வரை நான் உட்காரவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

“எங்க கடலு உப்பு அப்படியே இருக்கு மாமா. இன்னுங்கொஞ்சம் கஞ்சி ஊத்தச் சொல்லுங்க.”

ஊரெல்லாம் பெருமை பேசுகிற நான், எனக்கு எல்லாம் தெரியும் என்று அவள் முன்னால் மட்டும் அன்றிலிருந்து இதுவரை சொன்னதில்லை.